அது அழுக்கு இல்லைங்க

காங்கேயம் கல்யாணத்தில் நடந்தது சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். பந்தியில், அத்தனை பேர் முன்னால், என் மகளைப் பார்த்து "ஏன் அம்மிணி, கழுத்தைத் தேச்சுக் குளிக்க மாட்டியா? முடி வேற கொட்டிப்போச்சு, போர் தண்ணியா?" என்று கேட்டார்கள். பாதி இலையில் எழுந்துவிட்டாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அது அழுக்கு இல்லை. போர் தண்ணியும் இல்லை. அவளுக்கு 16 வயது. கழுத்து மடிப்பு கருத்துத் தடித்துப்போவது, பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலின் சுரக்கும். ரத்தத்தில் இன்சுலின் கூடினால் சினைப்பை ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கும். வகிடு அகலமாவது, மோவாயில் முடி முளைப்பது, மாதவிலக்கு தள்ளிப்போவது எல்லாம் அதன் தொடர்ச்சி. இந்தச் சினைப்பைக் கோளாறைத்தான் பிசிஓஎஸ் என்கிறார்கள்.

நானும் பீர்க்கங்காய் நாரால் அவள் கழுத்தைச் சிவக்கச் சிவக்கத் தேய்த்தவள்தான். வலிக்குதும்மா என்று சொல்லியும் தேய்த்தேன். எட்டு மாதம் எண்ணெய் மாற்றி எண்ணெய் வாங்கினேன். கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டர் தலையைத் தொடும் முன்பே கழுத்தைப் பார்த்துவிட்டு, "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா கண்ணு?" என்று கேட்டார். அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி 5.9. 5.7 தொட்டாலே சர்க்கரைக்கு முந்தைய நிலை.

முடி கொட்டினாலே சர்க்கரையா என்று கேட்பீர்கள். இல்லை. இரும்புச்சத்து குறைந்தாலும் தைராய்டு கெட்டாலும் கொட்டும். பெரிய காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்தும் கொத்துக் கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் தானே நிற்கும். அதனால்தான் சொல்கிறேன், எண்ணெய் வாங்கும் முன் டாக்டரிடம் காட்டி ரத்தம் பாருங்கள். சின்ன வயதிலேயே நெற்றி ஏறுகிற பையன்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"அமுச்சி விளக்கெண்ணெய் வச்சே முழங்கால் வரைக்கும் முடி வளத்தாங்க" என்று பாட்டியைச் சொல்வார்கள். அமுச்சி கம்பங்களி தின்று காட்டில் களை வெட்டினார்கள். இவள் காலை ஏழுக்கு பஸ் ஏறி, டியூஷன் முடிந்து எட்டுக்கு வருகிறாள். நடுவில் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும். வாரத்தில் இருக்கிற ஒரே பி.டி. பீரியடையும் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளை எங்கே ஓடும், எங்கே ஆடும்?

"கல்யாணம் ஆனா சரியாயிரும்" என்று ஒருவர் சொன்னார். பத்தாவது முடித்த பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது? இதற்கு மட்டும் பதில் சொல்ல என்னிடம் பொறுமை இல்லை.

இப்போது தினமும் விடியற்காலையில் இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் நடக்கிறோம். மூன்று மாதமாக மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. கழுத்துக் கருமை இன்னும் போகவில்லை. தையில் கோபியில் ஒரு சீர் இருக்கிறது, வரமாட்டேன் என்கிறாள். பந்தியில் அப்படிக் கேட்டவர்கள் இதைப் படித்தால் எனக்குப் போன் செய்ய வேண்டாம். அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.