சீட்டுக் குலுக்கி டீம் பிரித்தால் சண்டை எங்கிருந்து வரும்?

நம்ம வேலூர் பக்கம் டோர்னமென்ட் என்றாலே முதலில் டீம் பெயர், அப்புறம் டீ-ஷர்ட், அப்புறம் கோப்பை யார் உபயம் என்று ஒரு ஃப்ளெக்ஸ், கடைசியில் அந்த ரன் அவுட் அவுட்டா இல்லையா என்று அம்பயரைச் சுற்றி ரகளை. முதல் மேட்ச்சில் தோற்றவன் காலை டிபன் நேரத்துக்கே வீட்டுக்கு வந்துவிடுவான். நாற்பது தாண்டியவர்களுக்கு அங்கே சேர் போட்டு உட்கார்வதைத் தவிர வேலையே கிடையாது.

பிரான்ஸில் மார்சேய் பக்கம் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கும் அக்கா பையன் வீட்டுக்குப் போயிருந்தபோது, "மாமா, ஞாயித்துக்கிழமை பெத்தாங்க் போட்டி, உங்க பேரையும் குடுத்துட்டேன்" என்றான். பெத்தாங்க் என்றால் குண்டு வீசுகிற ஆட்டம். தரையில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு, 6 முதல் 10 மீட்டர் தள்ளிக் கிடக்கிற நெல்லிக்காய் அளவு மரக்குண்டை ஒட்டி முக்கால் கிலோ வாக்கில் இருக்கிற இரும்புக் குண்டை வீச வேண்டும். எதிராளியின் நெருங்கிய குண்டைவிட நம் குண்டுகளில் எத்தனை குண்டு மரக்குண்டுக்குக் கிட்டே இருக்கிறதோ அத்தனை புள்ளி. 13 எடுத்தால் ஆட்டம் முடிந்தது. உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்து வீசச் சொன்னான், குண்டு பின்பக்கமாகச் சுழன்று விழுந்த இடத்திலேயே அடங்கிவிடுமாம். எனக்கு அது லேசில் அடங்கவில்லை.

விஷயம் அதுவல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டுக் குலுக்கித்தான் ஜோடி சேர்க்கிறார்கள். இந்தச் சுற்றில் என்னை வெளுத்தவர் அடுத்த சுற்றில் என் பக்கம். ஜெயித்த கணக்கு ஆளுக்குத் தனித்தனியாக ஏறுகிறது, தோற்றவரும் கடைசி வரை ஆடுகிறார். எனக்கு ஜோடியாக வந்த பாட்டிக்கு எண்பதாவது இருக்கும். குனிய முடியாது என்பதால் கயிற்றில் கட்டிய காந்தத்தைத் தொங்கவிட்டு, டக்கென்று குண்டை ஒட்டவைத்து மேலே இழுப்பார். இரண்டு குண்டில் எது கிட்டே என்று சந்தேகம் வந்தபோது எதிர் டீம் பையன் டேப் வைத்து அளந்தான், பாட்டியுடையதுதான் மில்லிமீட்டர் கணக்கில் கிட்டே. அவனே சிரித்துக்கொண்டு புள்ளியைச் சொன்னான். அடுத்த சுற்றில் அவருக்கே ஜோடியாக வரலாம் என்றால் முறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆட்டம் பிறந்ததே ஓட முடியாதவருக்காகத்தான். 1910 வாக்கில், மார்சேய்க்குக் கிழக்கே லா சியோட்டா ஊரில், மூட்டு வாதத்தால் பழைய முறைப்படி ஓடி வந்து வீச முடியாத ஜூல் லெனுவார் என்பவருக்காக, நின்ற இடத்திலேயே வீசலாம் என்று விதியை மாற்றினார்களாம்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னால், "பரிசுப் பணம் எவ்வளவு?" என்கிறார்கள். கோட்டை மைதானத்தில் விடிந்தால் கைவீசி நடக்கிற ரிட்டையர்டு ஆட்களில் பாதிப் பேர் இதற்கு வருவார்கள் என்பது என் கணக்கு. ஆனால் தெரு பார்த்து, ஆள் பார்த்து டீம் கட்டுகிற பழக்கத்தை வைத்துக்கொண்டு ஆடினால் இதிலும் அதே ரகளைதான், அதனால் சீட்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாலாற்று மணலில் குண்டு புதைந்துவிடும், கெட்டியான மண் தரை போதும். புதுச்சேரியில் ரொம்ப நாளாக ஆடுகிறார்கள், குண்டு எங்கே கிடைக்கும் என்று அங்கே விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் இரண்டு மூன்று சுற்று தாராளமாகப் போடலாம்.