சோறு போடுவது நாம், வேட்டைக்கு மட்டும் இயற்கை பொறுப்பா?

வீட்டுப் பூனையோ நாயோ கொன்று போட்ட அணிலைப் படமெடுத்து, ‘எங்கள் வீட்டு வேட்டைக்காரன்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது வடசென்னையில் எங்கள் மணலி, மாத்தூர் பக்கம் இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. யாராவது முகம் சுளித்தால், “அதன் சுபாவமே அதுதானே, இயற்கையில் நடப்பதில் நாம் ஏன் தலையிட வேண்டும்?” என்ற பதில் தயாராக வருகிறது. விலங்குகளிடம் அன்புள்ளவர்களே இதைச் சொல்கிறார்கள் என்பதால்தான் இதைச் சற்று விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

காட்டில் இரை குறைந்தால் வேட்டை விலங்கு பட்டினி கிடக்கும், குட்டிகள் பிழைக்காது, அதன் எண்ணிக்கையும் தானாகக் குறையும். இரை மீண்டும் பெருக அதனால் அவகாசம் கிடைக்கும். நம் வீட்டுப் பூனைக்கு அந்தக் கணக்கு எதுவும் கிடையாது. காலையில் பால், மதியம் காசிமேட்டிலிருந்து வந்த மீனின் தலை, இரவில் பாக்கெட் தீனி என்று வேளை தவறாமல் கிடைக்கிறது. கொல்லையில் இருந்த கடைசித் தையல்சிட்டைப் பிடித்துவிட்டாலும் மறுநாள் அதற்குச் சோறு நிற்கப்போவதில்லை. வயிறு நிறைந்த விலங்கும் அசைவதைக் கண்டால் பாயும் என்பது உண்மை, அது அதன் சுபாவம் என்பதும் உண்மை. ஆனால் ஒரு தெருவில் அத்தனை பூனைகள் இருப்பது இயற்கையின் ஏற்பாடு அன்று, நம் ஏற்பாடு.

இது உலகறிந்த பிரச்சினை. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1890களில் கலங்கரை விளக்கம் அமைத்து ஆட்கள் குடியேறியபோது கூடவே வந்த பூனைகள் பெருகி, அங்கிருந்த பறக்க இயலாத சிறு குருவியினம் ஒன்று சில ஆண்டுகளுக்குள் இல்லாமலே போயிற்று. அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என்று 2013இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பகுதி உரிமையாளர் இல்லாத பூனைகளின் கணக்கு என்பதையும் அதே ஆய்வு சொன்னது. நாய்களைப் பொறுத்தவரை நம் நாட்டிலேயே ஆய்வு இருக்கிறது: 2018இல் வெளிவந்த ஒன்றில், இந்தியாவில் நாய்கள் தாக்கியதாகப் பதிவான காட்டுயிரினங்கள் 80, அவற்றுள் 31 அழியும் அபாயத்தில் இருப்பவை.

‘எங்கள் தெருவில் ஏது காட்டுயிர்?’ என்று கேட்பவர்களுக்காக ஒரு சுற்றுப் பார்வை. சுற்றுச்சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே கிடக்கும் செங்கல் குவியலில் அரணை. முருங்கையில் ஓணான், கொண்டைக்குருவி. சன்ஷேடின் மேல் தேங்காய் நாரும் கந்தல் துணியும் சேர்த்து அணில் கட்டிய கூடு. சாக்கடை ஓரத்தில் மூஞ்சூறு. காலி மனையின் கருவேலப் புதரில் கீரி, செம்போத்து, சாரைப்பாம்பு. கால்வாயும் ஏரியும் நெருங்கும் இடங்களில் கானாங்கோழி, சில சமயம் உடும்பு. ஒரு பக்கம் எண்ணூர் முகத்துவாரம், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், மாதவரம், ரெட்டேரி நீர்நிலைகள் என்று தண்ணீர் சூழ்ந்த பகுதி இது. நடுவில்தான் தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் கன்டெய்னர் யார்டுகளும் வந்து உட்கார்ந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் ஓடையில் பரவியபோது, இறகெல்லாம் கறுத்து நின்ற கூழைக்கடாக்களை எல்லோரும் பார்த்தோம், கொதித்தோம். கொதித்தது நியாயமே. அதே நாம், தொழிற்சாலைகள் விட்டுவைத்த மிச்சம் நம் கொல்லையிலேயே கடிபட்டுச் சாவதை வீரம் என்று படம் எடுத்துப் போடுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

எலித் தொல்லைக்காகத்தான் பூனை வளர்க்கிறோம் என்ற வாதத்தையும் கொஞ்சம் நம்பிக்கைக் குறைவோடுதான் கேட்கிறேன். குஞ்செலியையும் சுண்டெலியையும் பூனை பிடிக்கும். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் வளரும் பெருச்சாளியின் உருவத்தைப் பார்த்தவர்களுக்கு, எந்தப் பூனை எந்தப் பக்கம் ஓடும் என்பது தெரியும். நியூயார்க் நகரில் ஒரு கழிவு மறுசுழற்சிக் கூடத்தில் 79 நாட்கள் கேமரா வைத்துப் பார்த்ததில், எலிகள் ஏராளமாக இருந்தும் பூனைகள் மூன்று முறைதான் பாய்ந்தன, கொன்றவை இரண்டுதான். பெரிய எலியைத் தேடிப் பொந்துக்குள்ளேயே நுழைவது சாரைப்பாம்பு, இரவில் வயல்வெளியிலும் காலி மனைகளிலும் எலி பிடிப்பது கூகை, பகலில் கீரி. சாரையை அடித்துப் போட நாயை ஏவிவிட்டு, பிறகு எலிக்குப் பூனை தேடும் நம் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது! சாரை, கீரி, உடும்பு மூன்றும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை, நாயை ஏவித் துரத்துவதும் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான்.

நாய்களின் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டுவதற்காகவும், ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்காகவும் தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட இனங்கள். நாட்டு நாய் வளர்ப்பது நல்ல விஷயம். ஆனால் ஓடப் பிறந்த நாயை அரை கிரவுண்டு வீட்டின் கேட்டுக்குள் பூட்டிவைத்து, ஒரு வேளைகூட வெளியே நடத்திச் செல்லாமல் இருந்தால், சுவர் ஏறி வரும் கீரிதான் அதற்குக் கிடைக்கும் ஒரே விளையாட்டு. கீரி லேசில் விடாது, திருப்பிக் கடிக்கும்; வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடாத நாயாக இருந்தால் ஆபத்து வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பொந்துகளில் தண்ணீர் ஏறும்போது இது இன்னும் கூடும். எங்கள் வீட்டு நாய் ஒரு மழை இரவில் தேரையைக் கவ்விவிட்டு, வாயெல்லாம் வெள்ளை நுரையாக, மூக்கைச் சிமென்ட் தரையில் தேய்த்துத் தேய்த்து முனகியது; பக்கத்து வீட்டார் வெறி பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். தேரையின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியின் பால் அப்படிச் செய்யும். தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி தலையைச் சாய்த்து, ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் மீண்டும் மீண்டும் துடைக்க வேண்டும், பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாம்பைக் கொல்லப் பழகிய நாய்க்குச் சாரைக்கும் கண்ணாடி விரியனுக்கும் வித்தியாசம் தெரியாது. விஷமுறிவு மருந்து நாய்க்கும் வேலை செய்யும் என்றாலும், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் மணலி சாலையைத் தாண்டி வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஆகும் நேரத்தை எண்ணிப் பாருங்கள்.

பூனையைச் சங்கிலியில் கட்டு என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. நாள்தோறும் ஐந்து, பத்து நிமிடம் கயிற்றில் இறகு கட்டி விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம் குறைந்தது. எல்லோரும் நம்பும் கழுத்து மணியால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. வெறும் பால்சோற்றில் வளரும் நம் பூனைகளுக்கு முதல் விஷயம் யோசிக்க வேண்டிய ஒன்று. பொழுது சாய்ந்ததிலிருந்து காலை வெயில் ஏறும் வரை பூனையை வீட்டுக்குள் வைத்திருப்பது, செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியது. கூட்டை விட்டு இறங்கி, பறக்கத் தெரியாமல் தத்தும் குஞ்சுகளைக் கண்டால் அந்தச் சில நாட்கள் பகலிலும் வைத்திருக்கலாம்.

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை போன்ற இடங்களில் மொட்டை மாடியும் மொட்டை மாடியும் ஒட்டியிருக்கும். அங்கே பூனை யாருடையது என்று கேட்டால் பத்து வீட்டாரும் ‘எங்களுடையது இல்லை’ என்பார்கள், பத்து வீட்டிலும் அதற்குக் கிண்ணம் இருக்கும். என்னைக் கேட்டால், கிண்ணம் வைப்பவரே உரிமையாளர். தடுப்பூசியும் கருத்தடையும் அவர் பொறுப்பு. தனியொருவருக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அந்தப் பத்து வீடும் பகிர்ந்துகொள்ளட்டும். குட்டி போட்டபின் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விடுவது, ஒரு தெருவின் பிரச்சினையைக் கானாங்கோழி முட்டையிடும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொட்டுவதாகும்.

உயிரோடு மீட்ட அணிலையோ பறவையையோ ‘காயம் ஒன்றும் தெரியவில்லை, பிழைத்துக்கொள்ளும்’ என்று மரத்தில் விட்டுவிடுகிறார்கள். பூனைப் பல் இறங்கிய துளை மிகச் சிறியது. ரோமத்தை விலக்கினாலும் ஒரு சிவப்புப் புள்ளிதான் தெரியும். எச்சிலில் உள்ள கிருமி உள்ளே பரவி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கிடைக்காத பறவை இரண்டொரு நாளில் இறந்துபோகும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள், அல்லது வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பெட்டியைச் சுற்றி நின்று செல்ஃபி எடுப்பவர்களை முதலில் அப்புறப்படுத்திவிடுங்கள். பயத்திலேயே பாதி உயிர் போய்விடும்.