டீக்கடையில் தொங்கும் லைட்டர்

போன வாரம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு அக்கா, ஆறேழு மாதக் கர்ப்பிணி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டடி தள்ளி ஒருவர் நிதானமாகச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து பேர் இருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். கடைசியில் அந்த அக்கா எழுந்துபோய் வெயிலில் நின்றார். அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 1999-லேயே தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் கோட்டயத்துப் பேராசிரியை ஒருவரும் உண்டு. அப்புறம் 2003-ல் நாடு முழுமைக்கும் சட்டம், 2008 அக்டோபர் 2 முதல் விதிகள். பஸ் நிறுத்தமும் பொது இடம்தான் என்று அந்த விதியில் தெளிவாகவே இருக்கிறது. அபராதம் 200 ரூபாய் வரை. இதை ஆயிரமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அபராதம் போடுகிறவர் எப்போதோ ஒருநாள் வருவார், கடைக்காரர்தான் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அங்கேயே நிற்கிறார்.

என் மாமா டீக்கடை வைத்திருக்கிறார். கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு லைட்டர் நூலில் கட்டித் தொங்கும். ஒரு டீ, ஒரு சிகரெட், அங்கேயே பற்றவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். கடைக்குள் புகைபிடிக்கிறவர்களுக்கென்று தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் எதுவும் வைக்கவே கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. மாமாவுக்கு அது தெரியாது, இத்தனை வருஷத்தில் யாரும் வந்து சொன்னதும் இல்லை. நான் சொன்னபோது, "நான் மட்டும் அவுத்துட்டா எதுத்த கடைக்குப் போயிருவாங்க கண்ணு, டீ யாவாரமும் சேர்ந்து போயிரும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவரைக் கெட்டவராக்கிவிட்டு இந்தச் சட்டத்தை நடத்த முடியாது. ஒரு கடைவீதியில் இருக்கிற எல்லாக் கடைக்காரர்களையும் ஒரே நாளில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, ஒரே நாளில் எல்லா லைட்டரையும் அவிழ்க்கச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை, தனித்தனியாக மிரட்டினால் அவரவர் பயத்தில் மறுபடி கட்டிவிடுவார்கள்.

சிகரெட்டை ஒவ்வொன்றாகப் பிரித்து விற்பது இன்னொரு பெரிய ஓட்டை. பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போடவைத்தது 2016-ல். ஒற்றைச் சிகரெட் வாங்குகிறவன் அந்தப் படத்தை எங்கே பார்க்கிறான்? பாக்கெட் கடைக்காரர் கையோடு நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடப் பையனிடம் முழுப் பாக்கெட்டுக்குக் காசு இருக்காது, ஒன்று வாங்க இருக்கும். 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, பள்ளிச் சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள் யாருக்கும் விற்கவே கூடாது, சரி. ஆனால் டவுசர் போட்ட பையன் "அப்பாவுக்கு" என்று கை நீட்டினால் கொடுக்கத்தானே செய்கிறார்கள்.

மக்கள் மாறவே மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். கேரளத்தில் புகையிலை பழக்கமுள்ள பெரியவர்கள் 2009-10 கணக்கெடுப்பில் 21.4 சதவீதம், 2016-17-ல் 12.7. பஸ்ஸுக்குள் இப்போது யாராவது பற்றவைக்கிறார்களா? வைத்தால் கண்டக்டர் விசில் அடித்து நிறுத்துவார், மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். உள்ளே கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார். நிறுத்தத்தில் அப்படி யாரும் இல்லை.

இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. புகார் யாரிடம் சொல்வது என்று அந்தப் பொறுப்பாளரின் பெயரை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைக்க வேண்டும், புகார் வந்தும் அவர் கண்டுகொள்ளாவிட்டால் அபராதம் அவர் தலையில். நேற்று மறுபடி போய்ப் பார்த்தேன். பலகை இருக்கிறது, சிகரெட்டின் மேல் சிவப்புக் கோடும் இருக்கிறது, பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அந்தப் பெயரை எழுதச் சொல்லி இன்று பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். எல்லையோரத்துக் கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார் பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் நிறுத்தத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.