'செட்' ஒரே சொல் இல்லை

'செட்' (set) என்ற ஆங்கிலச் சொல்லின் பல பொருள்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு நானூறுக்கு மேல் பொருள் என்று கட்டுரையாளர் வியந்திருக்கிறார். உண்மைதான். ஆனால் டீ செட்டையும் அதே கணக்கில் சேர்த்தது சரியில்லை. அது வேறு சொல்.

அலாரம் செட் பண்ணுவது, முறிந்த எலும்பை செட் பண்ணுவது, ஜெல்லி செட் ஆவது, ஏன், சூரியன் மறைவதுகூட, எல்லாம் பழைய ஆங்கில வினையின் பிள்ளைகள். 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்காரவை. நம் அமர், அமர்த்து மாதிரியேதான். கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் 'செட்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மதப்பிரிவைக் குறிக்கும் 'செக்ட்'டுக்குச் சொந்தம். ஒலி ஒன்றாகிவிட்டதால் பின்னாளில் இரண்டும் கலந்துபோயின. "அவங்க தனி செட்டு சார்" என்று நாம் சொல்லும்போது, தெரியாமலே லத்தீனுக்குப் பக்கத்தில் நிற்கிறோம்!

போன மாதம் எங்கள் வீட்டு மாடிக்குத் தளம் போட்டார்கள். கொத்தனார், "ராத்திரிக்குள்ள செட் ஆயிடும், காலைல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்திடுங்க" என்றார். திரும்பி, கலவை சுமந்த பையனைப் பார்த்து முணுமுணுத்தார்: "இவன் நமக்கு செட் ஆகமாட்டான்." முதலாவது அசல் ஆங்கிலம். இரண்டாவது நாமே செய்துகொண்டது. ஒத்துவராது என்பதற்கு எந்த வெள்ளைக்காரரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

செட் தோசை? இரண்டு மூன்றாகச் சேர்த்து வைப்பதால் அது லத்தீன் பக்கம்தான்.