வாஷிங் மெஷின் வாங்கும் முன் ஒரு வாளி தண்ணீர் பிடித்துப் பாருங்கள்

யாராவது "முன்பக்கம் துணி போடுகிற ஃப்ரண்ட் லோடு எடுக்கவா, மேலே போடுகிற டாப் லோடு எடுக்கவா?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் என்ன தண்ணீர்?

இதை யோசிக்காமல் வாங்கியவன் நான். மேடவாக்கம் பக்கம், கடைசி மாடி, வாடகை வீடு, போர் தண்ணீர். கடையில் கண்ணாடிக் கதவுக்குள் துணி சுழல்வதைப் பார்த்து மயங்கி ஃப்ரண்ட் லோடு எடுத்துவிட்டேன். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் தண்ணீர் சூடாகவில்லை. வந்த மெக்கானிக் ஹீட்டரை உருவி என் கையில் கொடுத்தார். சுண்ணாம்பில் முக்கியெடுத்த முறுக்கு மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. "மெஷின்ல கோளாறு இல்ல சார், உங்க தண்ணி அப்படி" என்றார். உப்புத் தண்ணீரைச் சூடாக்கினால் அதிலுள்ள கால்சியம் இப்படித்தான் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைத் தினமும் பார்க்கிற எனக்கு இது உறைக்கவே இல்லை!

அதற்காக ஃப்ரண்ட் லோடைக் குறை சொல்ல மாட்டேன். ட்ரம் படுத்தவாக்கில் சுற்றுவதால் துணி மேலே ஏறி ஏறி விழுந்து துவைபடுகிறது, அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும். அதே துணிக்கு டாப் லோடு ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும். லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. நிமிடத்துக்கு 1200, 1400 சுற்றில் பிழிவதால் ஐப்பசி மழையிலும் துணி சீக்கிரம் காய்கிறது. கதவு ரப்பரைத் துடைத்துத் திறந்து வைக்காவிட்டால் மட்டும் நாறும்.

கடையில் யாரும் வாய் திறக்காத இன்னொன்று, தண்ணீரின் வேகம். டேங்க் குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் அதில் 1 பார் அழுத்தம் கிடைக்கும். தலைக்கு மேலேயே டேங்க் இருக்கிற கடைசி மாடிக்காரர்களுக்கு அந்த அழுத்தத்தில் கால்வாசி வந்தால் பெரிது. எங்கள் வீட்டில் 10 லிட்டர் வாளி நிரம்ப 4 நிமிடம். மெஷின் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு பீப் அடித்து நின்றுவிடும். டாப் லோடுக்கும் இதே கதிதான்.

ஊரில் அம்மாவின் செமி ஆட்டோமேட்டிக்குக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. குழாய் மக்கர் செய்தால் குடத்தில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். அப்பாவின் வேட்டியை அலசி எடுத்த சோப்புத் தண்ணீரிலேயே கலர்த் துணி, கடைசியாக மிதியடி. இந்தச் சிக்கனம் எந்த ஆட்டோமேட்டிக்கிலும் வராது. ஆனால் ஈரத்துணியைத் துவைக்கிற தொட்டியிலிருந்து பிழிகிற தொட்டிக்கு மாற்ற ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். "செமியே போதும்" என்று சொல்கிற ஆம்பளைகளில் எத்தனை பேர் அப்படி நின்றிருக்கிறார்கள்? நான் நின்றதில்லை.

என்னைக் கேட்டால், போர் தண்ணீர், இருவரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் ஹீட்டர் இல்லாத டாப் லோடு எடுங்கள். கடைசி மாடி என்றால் சின்னதாக ஒரு பிரஷர் பம்பும் சேர்த்து. நல்ல தண்ணீர் வருகிறதா, கண்ணை மூடிக்கொண்டு ஃப்ரண்ட் லோடு.

நான் ஹீட்டரை மாற்றிவிட்டு, இப்போது பச்சைத் தண்ணீரில் மட்டும்தான் ஓட்டுகிறேன். டயலில் 15 புரோகிராம் இருக்கிறது. தொடுவது ஒன்றைத்தான்.