கார் கண்ணாடியில் எந்தக் கருப்பு ஃபிலிமும் ஒட்டலாமா? இல்லை

“கூலிங் ஃபிலிம் தடை நீங்கியது, எவ்வளவு கருப்பாகவும் ஒட்டலாம், போலீஸ் அபராதம் போட முடியாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது, விதிக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் கூடாது என்பதுதான். மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும். அந்த அளவு மாறவில்லை. விதியும் தீர்ப்பும் இணையத்திலேயே கிடைக்கின்றன, படித்துப் பாருங்கள்.

பலர் ஏமாறுவது கணக்கில். அளவு கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்ததற்கு. 75 சதவீதம் ஒளி விடும் கண்ணாடியில் ‘50 சதவீத’ ஃபிலிம் (பாதி ஒளியை மட்டும் விடுவது) ஒட்டினால் மிஞ்சுவது சுமார் 37 தான்; பக்கக் கண்ணாடிக்கே தேறாது. 70 சதவீத ஃபிலிம் என்றால் 52 வரும். அதே ஃபிலிம் முன் கண்ணாடிக்கு ஆகாது. ஒட்டிய பிறகு ஒளி அளக்கும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வெயிலுக்காகக் கருப்பு தேவையில்லை, அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் வெளிர் ஃபிலிமே சூட்டைக் குறைக்கும். இரவில், மழையில், கருப்புக் கண்ணாடி வழியே சாலை கடப்பவர் சரியாகத் தெரியமாட்டார். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி பகிராதீர்கள்.