முதல் பெண் பாதுகாப்பு அமைச்சர் அனிதா ஆனந்த் அல்லர்

கனடாவின் முதல் பெண் பாதுகாப்பு அமைச்சர் அனிதா ஆனந்த் என்றும், அவர் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்றும் பரவும் செய்தி இரண்டு இடங்களிலும் தவறானது. தந்தை தமிழர், தாய் பஞ்சாபி என்பது உண்மையே. ஆனால் அவர் 1967-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள கென்ட்வில் நகரில் பிறந்தவர். வழக்கறிஞரும் டொராண்டோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியருமான அவர், 2019-இல் ஓக்வில் தொகுதியில் வென்று, முதன்முறை உறுப்பினராக இருந்தபோதே கொள்முதல் துறை அமைச்சரானதால், கொரோனா தடுப்பூசிகளை வாங்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பாதுகாப்புத் துறை 2021 அக்டோபரில்தான் கிடைத்தது. அதற்கு 28 ஆண்டுகள் முன்பே, 1993 ஜனவரியில், கிம் கேம்பல் அப்பதவியை ஏற்றிருந்தார், அவரும் வழக்கறிஞரே. அதே ஆண்டு ஜூனில் அவர் பிரதமரானதால், இந்த முந்தைய பதவி பலருக்கு மறந்துபோயிருக்கலாம். ஆக, அனிதா ஆனந்த் அத்துறையின் இரண்டாவது பெண் அமைச்சர்.